அபாயத்துக்கு வரைந்த கோடு

2001 மார்ச் மாதம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் பழைய பொருள் வாங்கும் ஒரு கடையில் 7.4 டன் உடைந்த கண்ணாடி மூட்டைகளில் கிடந்தது. இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கண்ணாடி அது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானிகள் அங்கே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகி வந்தன. கண்ணாடிக் குழல்களின் இடுக்குகளில் பாதரசம் ஒட்டியிருந்தது. மூட்டைகள் நின்ற இடத்தைச் சுற்றி வீடுகள் இருந்தன, கடைகள் இருந்தன. ஊர்மக்களும் சூழல் ஆர்வலர்களும் சேர்ந்து விஷயத்தை வெளியே கொண்டுவந்தபின் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு மூட்டைகட்டி, முத்திரையிட்டு, கப்பலேற்றி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்கு அனுப்பப்பட்டது.

காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய பொருளும், தக்க ஆவணங்களோடு கடல் கடந்த பொருளும் ஒன்றுதான். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அதன் வேதியியல் மாறிவிடவில்லை. அது எந்த வகையில் சேரும் என்பதற்கான விடை மட்டுமே மாறியது. முதலில் அது ஸ்கிராப். பிறகு அபாயகரமான கழிவு.

அபாயகரமான கழிவு என்பதை ஆய்வகம் கண்டுபிடித்துச் சொல்லும், சட்டம் அதை ஏற்றுக்கொள்ளும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நடைமுறை அப்படி இல்லை. எதைக் கழிவு என்பது, எந்தச் சோதனை வைப்பது, எந்த எண்ணுக்கு மேல் போனால் அபாயம் என்பது, எவற்றைச் சோதனைக்கே உட்படுத்தாமல் விலக்குவது என்ற நான்கு முடிவுகளும் மனிதர்கள் எடுப்பவை. ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு செலவு உண்டு. ஆலை அந்தச் செலவைச் சுமக்காவிட்டால், ஆலைக்குக் கீழ்ப்புறம் கிணறு வைத்திருப்பவர் சுமக்கிறார். அந்தக் கோடு எப்படி வரையப்படுகிறது என்பதை விவரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் கேள்வி: கழிவா, சரக்கா?

அபாயகரமானதா என்று கேட்பதற்கு முன், அது கழிவுதானா என்ற கேள்வி நிற்கிறது. தப்பிக்கும் வழிகளில் பெரும்பாலானவை இந்த முதல் வாசலிலேயே திறக்கின்றன. யாராவது விலை கொடுத்து வாங்கினால் அது சரக்கு என்று சொல்லிவிடலாம். கொடைக்கானல் கண்ணாடிக்கு நடந்தது அதுதான்.

1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து எரியுலைச் சாம்பல் ஏறக்குறைய 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு 'கியான் சீ' என்ற கப்பல் கிளம்பியது. இறக்கிக்கொள்ள ஒரு நாடும் முன்வரவில்லை. 1988 தொடக்கத்தில் ஹெய்ட்டி நாட்டின் கொனாயிவ் கடற்கரையில், உரம் என்று சொல்லி, ஏறக்குறைய 4,000 டன்னைக் கொட்டிவிட்டுக் கப்பல் நழுவியது. மீதி சாம்பல் கடலில் கொட்டப்பட்டது. கடற்கரையில் கிடந்த சாம்பலில் எஞ்சியதை அமெரிக்கா திரும்ப எடுத்துக்கொள்ள 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது.

நமக்கு அருகிலும் இதே கதை நடந்தது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து இலங்கைக்கு 263 கொள்கலன்கள் வந்திறங்கின. பயன்படுத்திய மெத்தைகள், தரைவிரிப்புகள் என்று ஆவணங்கள் சொல்லின. திறந்து பார்த்தபோது மருத்துவமனைக் கழிவும் கலந்திருந்தது. வழக்கு நடந்தது. 2022 பிப்ரவரியில் கடைசிக் கொள்கலன்கள் பிரிட்டனுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

இப்படிப்பட்ட பயணங்களுக்குத் தடுப்புப் போடத்தான் 1989 மார்ச் 22 அன்று பேசல் உடன்படிக்கை உருவானது. 1992-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதே ஆண்டு அதில் இணைந்தது. பெறும் நாட்டின் எழுத்துபூர்வமான முன்-சம்மதம் இல்லாமல் அபாயகரமான கழிவை அனுப்பக் கூடாது என்பது அதன் அடித்தளம். அமெரிக்கா கையெழுத்திட்டதே தவிர இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. உலகின் மிகப் பெரிய தொழில்நாடுகளில் ஒன்று வெளியே நிற்கும் ஓர் உடன்படிக்கையை நம்பித்தான் ஏழை நாடுகளின் துறைமுகங்கள் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

பட்டியல், அளவு, குணம்

அமெரிக்காவில் 1976-இல் வந்த வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டம், பிறப்பிலிருந்து புதைகுழி வரை கழிவைப் பின்தொடர வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் லவ் கால்வாய்க் குடியிருப்பில் வீடுகளின் அடித்தளங்களுக்குள் ரசாயனம் ஊறி வந்தபோது, அந்தக் கொள்கை எவ்வளவு தாமதமாக வந்தது என்பது உலகுக்குப் புரிந்தது. அங்கே ஒரு நிறுவனம் 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் புதைத்த கழிவின் மேலும் அதை ஒட்டியும்தான் பள்ளியும் வீடுகளும் எழுந்திருந்தன.

இந்தியாவுக்குப் பாடம் புகட்டியது போபால். 1984 டிசம்பரில் அங்கே யூனியன் கார்பைடு ஆலையில் நடந்த நச்சுவாயுப் பேரழிவுக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு)ச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1989-இல் அபாயகரமான கழிவுகளுக்கான முதல் விதிகள் வந்தன. 2008-இல் அவை புதிதாக எழுதப்பட்டன. 2016 ஏப்ரலில் மறுபடியும் எழுதப்பட்டன. இன்று நடைமுறையில் இருப்பவை 2016-ஆம் ஆண்டு விதிகள்.

அந்த விதிகளின்படி ஒரு கழிவு மூன்று வழிகளில் 'அபாயகரமானது' ஆகிறது.

முதல் வழி பட்டியல். முதல் அட்டவணை 38 தொழில்முறைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் வரும் கழிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பயன்படுத்திக் கழித்த எண்ணெய், ரசாயனம் ஒட்டிய காலி டிரம்கள், கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் அடியில் தங்கும் ரசாயனச் சேறு, தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியச் சேறு எல்லாம் அதில் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் வண்டியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயும் இந்த அட்டவணைக்குள் வருகிறது. இங்கே யாரும் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. பிறந்த இடமே போதும். தன் கழிவு அபாயகரமானதல்ல என்று ஆலை நினைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு ஆலையுடையது.

இரண்டாவது வழி அளவு. இரண்டாம் அட்டவணையில் வேதிப்பொருள்களும் அவற்றுக்கான வரம்புகளும் உள்ளன. கழிவில் அவை அந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது அபாயகரமானது.

மூன்றாவது வழி குணம். 60 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே தீப்பற்றும் ஆவியை விடும் திரவமா? அமிலக் காரக் குறியீடு 2 அல்லது அதற்குக் கீழே, அல்லது 12.5 அல்லது அதற்கு மேலே இருந்து அரிக்கிறதா? தண்ணீர் பட்டால் வெடிக்கிறதா, நச்சு வாயு விடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும்.

மூன்று வழிகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. பட்டியல் மட்டும் இருந்தால், பட்டியல் எழுதியவர் அறியாத புதுத் தொழிலின் கழிவு வெளியே நிற்கும். சோதனை மட்டும் இருந்தால், எந்த மாதிரியை எடுத்தார்கள், மூட்டையின் மேலிருந்தா அடியிலிருந்தா என்பதில் உண்மை நழுவிவிடும். ஐரோப்பிய ஒன்றியமும் பட்டியல், சோதனை என்ற இதே இரு கால்களில்தான் நிற்கிறது. அங்கே கழிவுப் பட்டியலில் அபாயகரமானவற்றின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். ஒரே கழிவு நட்சத்திரத்தோடு ஒரு வரியிலும் இல்லாமல் இன்னொரு வரியிலும் இடம்பெறும்போது, 15 அபாய குணங்களைச் சோதித்துத்தான் எந்த வரி என்று முடிவாகும்.

பட்டியலில் எவை இடம்பெறுகின்றன என்பது நாட்டுக்கு நாடு மாறும். தோல் ஆலைச் சேறு அதற்கு நல்ல சாட்சி. குரோமியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. தோல் பதனிட உதவும் மூவிணைதிறன் குரோமியம் ஒப்பீட்டளவில் சாது. அறுவிணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைந்து பரவும், மூச்சில் உள்ளே போனால் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். தோல் ஆலைக் கழிவில் இருப்பது முழுக்க மூவிணைதிறன் வகைதான், அது மறுபடி ஆக்ஸிஜனேற்றம் அடையாத சூழலில்தான் வைக்கப்படுகிறது என்று காட்டினால் அமெரிக்கச் சட்டம் அதை அபாயகரமான கழிவுக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது. இந்தியச் சட்டம் பெயர் சொல்லி உள்ளே வைத்திருக்கிறது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பொது சுத்திகரிப்பு நிலையங்களின் ஓரத்தில் காயும் சேறு இங்கே அபாயகரமானது, அங்கே நிபந்தனையோடு சாதாரணமானது. என் பார்வையில் இந்த விஷயத்தில் இந்திய நிலைப்பாடே சரி. பாலாற்றுப் படுகையில் ஆண்டுக்கணக்கில் திறந்தவெளியில் கிடக்கும் சேறு என்ன சூழலில் வைக்கப்படுகிறது என்று உறுதி சொல்ல யாரும் இல்லாதபோது, எச்சரிக்கையின் பக்கம் சாய்வதுதான் நியாயம்.

5 என்ற எண் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் அட்டவணையைத் திறந்தால் ஈயத்துக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம், ஆர்செனிக்குக்கு 5, குரோமியத்துக்கு 5, காட்மியத்துக்கு 1, பாதரசத்துக்கு 0.2 என்று எண்கள் நிற்கின்றன. திடக்கழிவுக்கு லிட்டர் கணக்கு ஏன் என்று கேட்பவர்களுக்கு விடை, சோதனையின் முறையில் இருக்கிறது.

நச்சு ஊறுநீர்ச் சோதனை என்று இதைச் சொல்லலாம். கழிவை 9.5 மில்லிமீட்டருக்குக் குறைவான துண்டுகளாக நொறுக்குகிறார்கள். அதன் எடையைப்போல் 20 மடங்கு, அசெட்டிக் அமிலம் கலந்த நீரை ஊற்றுகிறார்கள். புட்டியை மூடி, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் தலைகீழாகப் புரளும் இயந்திரத்தில் 18 மணி நேரம் சுழல விடுகிறார்கள். பிறகு வடிகட்டி, வடிநீரில் எவ்வளவு உலோகம் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மூலிகையைப் போட்டுக் கஷாயம் இறக்குவதைப் போன்றதுதான். மூலிகைக்குள் எவ்வளவு சத்து இருக்கிறது என்பதல்ல, தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கும் என்பதே கேள்வி.

இந்த முறையை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1990-இல் கொண்டுவந்தது. அதன் பின்னால் ஒரு கற்பனைக் காட்சி உண்டு. ஊர்க் குப்பைமேட்டில் 95 பங்கு வீட்டுக் குப்பையும் 5 பங்கு தொழிற்சாலைக் கழிவும் கலந்து கிடக்கின்றன. குப்பை அழுகும்போது அமிலம் உண்டாகிறது. மழை பெய்கிறது. கசிந்த நீர் மண்ணில் இறங்கி, நிலத்தடி நீரோடு கலந்து, 100 மடங்கு நீர்த்துப்போய் யாரோ ஒருவரின் கிணற்றை அடைகிறது. ஆகவே குடிநீரில் அனுமதிக்கத்தக்க அளவை 100-ஆல் பெருக்கினால் கழிவின் வரம்பு கிடைத்துவிடும். அன்றைக்குக் குடிநீரில் ஈயத்துக்கான வரம்பு 0.05. அதன் 100 மடங்கு 5. ஆர்செனிக்குக்கும் அப்படித்தான். பாதரசத்துக்கு 0.002, அதன் 100 மடங்கு 0.2.

கணக்கு தெளிவானது. அதன் மூலமும் வெளிப்படையானது. சிக்கல் அதன்பிறகு வந்தது. குடிநீரில் ஆர்செனிக்கின் வரம்பை அமெரிக்கா 2001-இல் 0.05-லிருந்து 0.01-ஆகக் குறைத்தது. இந்தியக் குடிநீர்த் தரநிலையிலும் ஈயத்துக்கு இன்று 0.01 தான், காட்மியத்துக்கு 0.003. பழைய வாய்ப்பாட்டையே இன்று போட்டால் ஈயத்தின் வரம்பு 1 ஆக வேண்டும், காட்மியத்தின் வரம்பு 0.3 ஆக வேண்டும். கழிவுச் சட்டத்தில் 5-உம் 1-உம் அசையாமல் நிற்கின்றன. குடிப்பவருக்கு விஞ்ஞானம் முன்னேறிவிட்டது, கொட்டுபவருக்கு அது நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. சோதனை, அமிலம் கலந்த நீரைப் பயன்படுத்துகிறது. பல உலோகங்கள் அமிலத்தில்தான் அதிகம் கரையும் என்பதால் பொதுவாக அது கடுமையான சோதனையே. ஆனால் ஆர்செனிக் போன்ற சில தனிமங்கள் காரத்தன்மையும் ஆக்ஸிஜன் குறைவும் உள்ள சூழலில்தான் அதிகம் இளகும். அத்தகைய இடத்தில் கொட்டப்போகும் கழிவுக்கு அமில ஊறுநீரில் தேர்ச்சி கொடுப்பது, வேறு பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணைக் காட்டுவதாகும். எந்த மண்ணில், எந்த மழையில், எந்த நீர்மட்டத்துக்கு மேலே கொட்டப்போகிறோம் என்பதை இந்த ஒற்றைச் சோதனை கேட்பதே இல்லை. அமெரிக்கக் குப்பைமேட்டை மனத்தில் வைத்து அமைத்த காட்சியை, கோடையில் வறண்டு ஐப்பசியில் வெள்ளம் புரளும் மண்ணுக்கு அப்படியே பொருத்திவிட்டோம்.

பெரிதாக இருந்தால் விலக்கு

அட்டவணைகளின் அடியில் சிறு எழுத்தில் வரும் குறிப்புகளைப் படிக்காமல் இந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. நிலக்கரிச் சாம்பல், பாஸ்போ ஜிப்சம், அலுமினிய ஆலைகளின் செம்மண் சேறு, உலோக உருக்காலைகளின் கசடு, சுரங்க வண்டல் ஆகியவற்றை 'அளவு மிகுந்த, விளைவு குறைந்த' கழிவுகள் என்று வகைப்படுத்தி, அபாயகரமான கழிவு என்ற வகையிலிருந்து 2016 விதிகள் விலக்குகின்றன. அவற்றுக்குத் தனி வழிகாட்டுதல்கள் உண்டு.

இது இந்தியா மட்டும் செய்த காரியம் அல்ல. அமெரிக்கா 1980-லேயே நிலக்கரிச் சாம்பலை விலக்கியது. 2008 டிசம்பரில் டென்னசி மாநிலத்தின் கிங்ஸ்டனில் சாம்பல் குளத்தின் கரை உடைந்து ஆற்றையும் வீடுகளையும் மூடியபின் பெரிய விவாதம் எழுந்தது. அதன் முடிவாக 2015-இல் வந்த விதியும் சாம்பலை அபாயகரமானது அல்லாத கழிவாகவே வைத்துக்கொண்டு, சாம்பல் குளங்களுக்கும் புதைகுழிகளுக்கும் கட்டுப்பாடுகள் விதித்தது.

விலக்குக்குச் சொல்லப்படும் காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரு டன் சாம்பலில் நச்சுத் தனிமங்கள் சிறிதளவே. கோடிக்கணக்கான டன்னை இரட்டைப் படலமிட்ட குழிகளில் புதைக்க இடமும் இல்லை, பணமும் இல்லை. சிமென்டிலும் செங்கல்லிலும் சாலையிலும் பயன்படுத்துவதே வழி. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும் ஒரு டன் கணக்கு தெரியாது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் படியும்போது, அங்கே இறால் பிடிப்பவரின் காலடியில் சேர்வது மொத்தம். செறிவு குறைவாக இருப்பதும் மொத்தச் சுமை குறைவாக இருப்பதும் வேறு வேறு. முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதற்கும் சான்றிதழ் தருகிறது இந்த விலக்கு.

தூத்துக்குடியில் இந்தக் கோடு நீதிமன்றம்வரை போனது. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட 2018-இல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்ன காரணங்களில், உப்பாற்றின் ஓரம் உட்படப் பல இடங்களில் தாமிரக் கசடு கொட்டிக் கிடந்ததும் ஒன்று. அபாயகரமான கழிவைக் கையாளும் அங்கீகாரம் 2013-லேயே காலாவதியானது இன்னொன்று. கசடு அபாயகரமான கழிவே அல்ல என்பது நிறுவனத்தின் வாதங்களில் ஒன்றாக இருந்தது. 2020 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மூடலை உறுதி செய்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அபாயகரமானது என்ற முத்திரை இல்லாத பொருளும் ஆற்றின் வழியை மறித்தால் தீங்குதான் என்பது இந்த வழக்கு தரும் படிப்பினை.

சிறியதற்கும் விலக்கு உண்டு. வீட்டில் உடையும் பாதரச வெப்பமானி, டியூப் லைட், பூச்சிமருந்து டப்பா, காலாவதியான மாத்திரை எல்லாம் 'வீட்டு அபாயக் கழிவு' என்ற பெயரில் திடக்கழிவு விதிகளுக்குப் போய்விடுகின்றன. தனியாகப் பிரித்துத் தாருங்கள் என்கிறது விதி. பெரும்பாலான ஊர்களில் தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் அவற்றைப் பிரிக்கிறார்.

கழிவு கடக்கும் பாதை

முத்திரை விழுந்த கழிவுக்கு விதிகள் ஒரு முறையான பாதை வகுத்திருக்கின்றன. ஆலைக்குள் பொதுவாக 90 நாளுக்கு மேல் சேமித்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு டிரம்மிலும் ஒளிரும் மஞ்சள் நிறத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். 'அபாயகரமான கழிவு', 'கவனமாகக் கையாளவும்' என்ற சொற்கள் அதில் சிவப்பில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் இருக்க வேண்டும்.

லாரி கிளம்பும்போது ஏழு வண்ணப் படிகள் கொண்ட ஒரு சரக்குச் சீட்டு கூடவே போகிறது. வெள்ளைப் படி மாநில வாரியத்துக்கு. மஞ்சள் அனுப்புபவரிடம். இளஞ்சிவப்பு பெறுபவரிடம். ஆரஞ்சு லாரிக்காரரிடம். பச்சைப் படியைக் கழிவைப் பெறுபவர் வாரியத்துக்கு அனுப்புகிறார். நீலத்தை அனுப்பியவருக்கே திருப்புகிறார். வேறு மாநிலத்துக் கழிவென்றால் சாம்பல் நிறப் படி அந்த மாநில வாரியத்துக்குப் போகிறது. கிளம்பிய எடையும் சேர்ந்த எடையும் ஒத்துப்போகிறதா என்று வாரியம் பார்க்கலாம் என்பதுதான் இந்த ஏழு வண்ணங்களின் நோக்கம். வெள்ளையையும் பச்சையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஊழியர் ஒருவர் இருந்தால் மட்டுமே அந்த நோக்கம் நிறைவேறும்.

போய்ச்சேரும் இடம் மூன்று வகை. மறுசுழற்சிக்கோ மீட்புக்கோ தகுந்தவை அங்கீகாரம் பெற்ற ஆலைகளுக்கு. எரியும் தன்மை உள்ளவை, 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் சிமென்ட் சூளைக்கோ எரியுலைக்கோ. எதற்கும் ஆகாதவை கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்ற பொதுப் புதைகுழிக்கு. அங்கே களிமண்ணும் கனமான பிளாஸ்டிக் படலமும் அடுக்கடுக்காகப் போட்டு, ஊறி வடியும் நீரை உறிஞ்சி எடுக்கும் குழாய்கள் பதித்திருக்கும். குழி நிரம்பி மூடிய பிறகும் பல பத்தாண்டுகள் அந்த ஊறுநீரைக் கண்காணிக்க வேண்டும்.

எரித்தால் தீர்ந்துவிடும் என்ற எண்ணத்துக்கு போபாலே பதில் சொல்லிவிட்டது. 40 ஆண்டுகள் யூனியன் கார்பைடு வளாகத்தில் கிடந்த 337 டன் கழிவு, 2025 ஜனவரி தொடக்கத்தில் 12 கொள்கலன்களில் ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தூரம் பீதம்பூருக்குப் போனது. ஊர்மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் 2025 ஜூன் இறுதிக்குள் அது எரிக்கப்பட்டது. சுண்ணாம்பு போன்றவை கலந்ததால், மிஞ்சிய சாம்பலும் எச்சங்களும் எரித்த கழிவைவிட எடையில் கூடுதல். அவையும் அபாயகரமான கழிவாகவே புதைக்கப்பட வேண்டும். நெருப்பு கரிமச் சேர்மங்களைச் சிதைக்கும். ஈயத்தையும் பாதரசத்தையும் அழிக்க நெருப்பால் ஆகாது.

சட்டத்துக்கு முன் கொட்டியது

பாதை வகுக்கப்படும் முன்பே கொட்டியதை என்ன செய்வது? இராணிப்பேட்டையைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் பாரம் தெரியும். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970-களின் நடுவில் தொடங்கி, சுற்றுவட்டாரத் தோல் ஆலைகளுக்கு வேண்டிய குரோமிய ரசாயனங்களைச் செய்து வந்தது. குரோமியத் தாதுவைச் சோடா, சுண்ணாம்போடு சேர்த்து வறுத்து, கரைவதை நீரில் இறக்கி எடுத்தபின் மிஞ்சும் மண்ணில் அறுவிணைதிறன் குரோமியம் தங்கிவிடும். 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டபோது அந்த வளாகத்தில் 1.5 லட்சம் டன்னுக்கும் மேல் அந்த மண் மலையாகக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் அதிலிருந்து மஞ்சள் நிற நீர் வடிந்து நிலத்தில் இறங்கியது. 2006-இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது.

அந்த மண் எந்த அட்டவணைப்படியும் அபாயகரமானது. வகைப்பாட்டில் எந்த ஐயமும் இல்லை. இல்லாமல் போனது பணம் கட்ட ஓர் ஆள். 90 நாள் விதியும் ஏழு வண்ணச் சீட்டும் இயங்கும் ஆலையைக் கட்டுப்படுத்துவதற்கு ஆனவை. மூடிய ஆலையை அவை எட்டுவதில்லை.

நீதிமன்றங்கள் கொள்கையளவில் பதில் சொல்லியிருக்கின்றன. ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில், ஏறக்குறைய 375 டன் சாய இடைப்பொருள் செய்த சில ஆலைகள் 2,500 டன் அளவுக்கு நச்சுச் சேற்றைத் திறந்தவெளியில் விட்டுப்போயின. கிணறுகள் கெட்டன. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவைத் தர வேண்டும் என்று 1996 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் சேர்த்து நாட்டின் சட்டமாக அறிவித்தது. கொள்கை உறுதியானது. ஆனால் பிச்ரி வழக்கில் பணம் வரவில்லை. மனுமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்த நிறுவனத்துக்கு 37.385 கோடி ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்ட 2011-இல்தான் உச்ச நீதிமன்றம் மறுபடி ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 15 ஆண்டுகள்.

இப்படிப்பட்ட பழைய இடங்களுக்காகவே 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களின் மேலாண்மைக்கான தனி விதிகள் வந்துள்ளன. சந்தேகத்துக்குரிய இடங்களைக் கண்டறிவது, சோதிப்பது, பொறுப்பாளியைத் தேடிச் செலவை வாங்குவது ஆகியவற்றுக்கு அவை முறை வகுக்கின்றன. வரவேற்கத்தக்க வேலை. எதிர்த்திசையில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை என்றிருந்ததை 2023-இல் வந்த திருத்தம் மாற்றியது. இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம். சில டிரம்களைக் கணக்கில் காட்டாமல் ஏரிக்கரையில் கவிழ்த்துவிடும் சிறு ஆலைக்கு 15 லட்சம் பெரிய தொகை. பெரிய ஆலைக்கு அது முறையாகப் புதைக்கும் செலவில் ஒரு சிறு துண்டு. அபராதம் முறையான செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை, மீறுவது லாபமாகவே இருக்கும்.

கோட்டைத் திரும்ப வரைவதற்கு

அபாயகரமான கழிவுச் சட்டம் வேண்டாத சுமை என்பாரும் உண்டு, அது வெறும் காகிதம் என்பாரும் உண்டு. நான் இரண்டையும் ஏற்கவில்லை. பட்டியலும் அளவும் குணமும் சேர்ந்த இந்த அமைப்பு இல்லாவிட்டால் ஒவ்வொரு ஊரும் தன் கிணற்றில் மஞ்சள் நீரைப் பார்த்தபிறகு முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கும். சட்டம் அந்தப் பாரத்தை ஆலையின் தோளுக்கு மாற்றியது. அந்த மாற்றத்தை முழுமையாக்க மூன்று காரியங்கள் அவசியம்.

ஊறுநீர் வரம்புகள் குடிநீர்த் தரத்தோடு கட்டப்பட வேண்டும். குடிநீர் வரம்பு குறையும்போது கழிவு வரம்பும் தானாகக் குறைய வேண்டும். கொட்டப்போகும் இடத்தின் மண்ணுக்கும் நீருக்கும் ஏற்ற கூடுதல் சோதனையும் வேண்டும்.

அளவு மிகுந்த கழிவுகளுக்கான விலக்கு நிபந்தனையோடு இருக்க வேண்டும். சாம்பலோ கசடோ உரிய இடத்தில் உரிய பயனுக்குப் போகும்வரை மட்டும் விலக்கு. ஆற்றங்கரையிலோ கழிமுகத்திலோ கண்டால் அந்தக் கணமே அது அபாயகரமான கழிவுக்குரிய எல்லாக் கட்டுப்பாடுகளுக்கும் உட்பட வேண்டும்.

மூன்றாவதே எனக்கு முதன்மையானது. ஏழு வண்ணப் படிகளில் ஒன்றுகூட ஊராட்சிக்குப் போவதில்லை. எந்த ஆலையிலிருந்து, என்ன கழிவு, எத்தனை டன், எங்கே கிளம்பி எங்கே சேர்ந்தது என்ற விவரம் அந்த ஆலை இருக்கும் ஊருக்கும், கழிவு போய்ச்சேரும் ஊருக்கும், தமிழில், கிராமசபையில் வாசிக்கும் அளவுக்கு வெளிப்படையாக வர வேண்டும். கொடைக்கானலின் பாதரசத்தைக் கண்டுபிடித்தது ஆய்வாளர் அல்ல, அங்கே வாழ்ந்தவர்கள். பீதம்பூரில் கேள்வி கேட்டவர்களும் அவ்வூர் மக்களே. அபாயத்தின் எல்லையை வரைவது நிபுணரின் வேலையாக இருக்கலாம். அது மீறப்படுகிறதா என்று நாள்தோறும் பார்க்கும் இடத்தில் இருப்பவர்கள் ஊர்க்காரர்கள். கணக்கு அவர்கள் கைக்கு வராதவரை, எத்தனை அட்டவணைகள் எழுதினாலும் அவை கொட்டியபின் பெயர் வைக்கத்தான் உதவும், கொட்டாமல் தடுக்க உதவாது.